எண்ணாமல் விட்ட ஒரு மூச்சு

2024 ஜனவரி 23, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். பால் பாக்கெட் இரண்டு. வெளியே பனி. தோல் பதனிடும் ஷெட்டுகளின் வாடை பனியோடு சேர்ந்து தெருவில் தங்கியிருந்தது. வெயில் ஏறும்வரை போகவில்லை. ஆறு மணிக்கு வேதவாசிப்பு. ஆறு நாற்பதுக்கு இட்லி, தக்காளித் தொக்கு. ஏழு இருபதுக்கு ஷூ கம்பெனி பஸ்கள் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. எட்டு இருபதுக்கு கிளினிக் ஷட்டரைத் தூக்கினேன். டேப்பில் சார்ஜ் தொண்ணூற்றாறு. தெர்மாமீட்டர் இரண்டு. குழந்தைகளின் கால்விரலில் மாட்டும் ஆக்சிஜன் கிளிப் ஒன்று. தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் அமாக்சிசிலின் மாத்திரை, பதினொரு அட்டை.

இதெல்லாம் அன்றைய டைரிப் பக்கத்தில் இருக்கிறது. பலமுறை படித்துப் பார்த்துவிட்டேன். அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. கையெழுத்துகூட நன்றாகத்தான் இருக்கிறது.

எங்களுடையது ஆம்பூரைத் தாண்டி ஓர் அறக்கட்டளை நடத்தும் சின்ன கிளினிக். இரண்டு அறை, ஒரு ஷட்டர். டாக்டர் திங்களும் சனியும் மட்டும் வருவார். மற்ற நாட்களில் நானும், டேப் என்று நாங்கள் சொல்லும் இந்த டேப்லெட்டும்தான். இருமல், காய்ச்சல் என்று ஒரு குழந்தை வந்தால் டேப் கேள்வி கேட்கத் தொடங்கும். வயது என்ன, எடை என்ன, எத்தனை நாளாக, பால் குடிக்கிறதா, வலிப்பு வந்ததா. ஒன்றுக்குப் பதில் போடாமல் அடுத்ததுக்குப் போக முடியாது. கடைசியில் திரையில் ஒரு வட்டம் வரும். குழந்தையின் சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த வட்டத்தை ஒருமுறை தொட வேண்டும். ஒவ்வொரு தொடுதலுக்கும் 'டொக்' என்று ஒரு சத்தம். ஒரு நிமிஷம் முடிந்ததும் வட்டம் தானாக மறைந்துவிடும். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு ஐம்பதும் அதற்கு மேலும் வந்தால் திரை மஞ்சளாகும். ஆன்டிபயாடிக் கொடு, எடைக்கு இவ்வளவு என்று சொல்லும். ஐம்பதுக்குக் கீழே என்றால், வேறு ஆபத்து அறிகுறி இல்லாதவரை, பச்சை, ஆன்டிபயாடிக் வேண்டாம். டாக்டர் தன் போனில் பார்த்து ஒப்புதல் கொடுப்பார்.

டேப்பை நான் குறை சொல்லவில்லை. அது வந்தபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. எங்கள் பக்கத்தில் மூக்கு ஒழுகினாலே மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் சிரப் வாங்கி இரண்டு நாள் ஊற்றுவார்கள். ஜுரம் விட்டதும் மூடி, மிச்சத்தை அடுத்த குழந்தைக்கு வைத்திருப்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வேலூரில் வார்டு நர்ஸாக இருந்தேன். அங்கே ஒரு பெண் குழந்தைக்கு ஒன்றன்பின் ஒன்றாக மூன்று ஆன்டிபயாடிக் மாற்றியும் கிருமி எதற்கும் அடங்கவில்லை. அந்தக் குழந்தையின் கையில் நான் ஒட்டிய பிளாஸ்டரின் அகலம்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. தேவையில்லாதபோது கொடுக்கக் கூடாது என்பதை யாரும் எனக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஆனாலும் டேப் வந்த முதல் ஐந்தாறு மாதம் நான் ஒரு வேலை செய்தேன். இங்கே வரும் தாய்மார்களில் பாதிப் பேர் கம்பெனிக்குப் போகிறவர்கள். 'ரெண்டு நாள் கழிச்சு வந்து காட்டு' என்பது டேப்புக்கு ஒரு வரி. அவர்களுக்கு இன்னொரு பர்மிஷன், இன்னொரு திட்டு. அதனால் நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது என்று நிற்கும் குழந்தைகளுக்கு, நிமிஷம் முடிவதற்குள் ஒன்றிரண்டு 'டொக்' கூடுதலாகத் தொட்டுவிடுவேன். திரை மஞ்சளாகும். மருந்தைக் கொடுத்து அனுப்பிவிடுவேன். டைரியில் இதை மட்டும் எழுதவில்லை.

டிசம்பர் மாதக் கூட்டத்தில் டாக்டர் எல்லா கிளினிக் கணக்கையும் திரையில் போட்டுக் காட்டினார். எங்களுடையது வந்ததும் நிறுத்தினார்.

"சிஸ்டர், உங்க சென்டர்ல நாப்பத்தெட்டு, நாப்பத்தொன்பதுன்னு ஒரு குழந்தைகூட இல்லையே! ஆம்பூர் குழந்தைங்க மட்டும் நாப்பத்தேழுக்கு அப்புறம் நேரா ஐம்பதுக்குத் தாவிடுதுங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கூட்டம் முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு, "வர்ற நம்பரை மட்டும் போடுங்க சிஸ்டர். ஐம்பது வர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப எண்ணாதீங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஒழுங்கானவள் என்று பெயர் எடுத்தவள் நான். அன்றிலிருந்து என் விரல் ஒரு மூச்சைக்கூடக் கூட்டவில்லை.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. ஒன்பது நாற்பதுக்கு அவள் வந்தாள். இருபத்துநாலு, இருபத்தைந்து வயதிருக்கும். துப்பட்டாவுக்கு மேலே கம்பெனி அடையாள அட்டை. கட்டைவிரலில் காய்ந்த பசையின் மஞ்சள் கறை. மடியில் ஆண் குழந்தை, பதினொரு மாதம், தூங்கிக்கொண்டிருந்தது.

"மூணு நாளா சளி சிஸ்டர். நேத்துலேர்ந்து ஜுரம். பத்தரைக்குள்ள போய்டணும், ரெண்டு மணி நேரம்தான் பர்மிஷன்."

கேள்விகள் முடிந்தன. ஜுரம் நூற்றொன்று. கால்விரல் கிளிப்பில் தொண்ணூற்றாறு. நெஞ்சு உள்ளே இழுக்கவில்லை. சட்டையைத் தூக்கினேன். வட்டம் வந்தது. எண்ணத் தொடங்கினேன். எதிரே அவள் உதடும் அசைந்துகொண்டிருந்தது. ஜெபிக்கிறாள் என்று நினைத்தேன்.

நிமிஷம் முடியும் தறுவாயில் குழந்தை இருமியது. இருமலுக்குச் சற்று முன்னால் வயிறு லேசாக எழும்பி, முழுதாக எழும்பாமல், இறங்கியது. மூச்சா, இருமலின் தொடக்கமா? என் விரல் மேலே போயிற்று. கீழே வரவில்லை. வட்டம் மறைந்தது. நாற்பத்தொன்பது. பச்சை.

"ஐம்பது வந்துச்சு சிஸ்டர்" என்றாள்.

"நீயும் எண்ணினியா?"

"எண்ணுறதுதானே என் வேலை. அப்பர் செக்கிங்ல இருக்கேன், ஷூவோட மேல்தோலு. பீஸ எண்ணிக் கட்டு போட்டு அனுப்பணும். ஒண்ணு கம்மியானா சூப்பர்வைசர் லைனே கேக்குற மாதிரி கத்துவான்."

"இருமினதைச் சேத்து எண்ணியிருப்ப."

"இல்ல சிஸ்டர். இருமலுக்கு முன்னாடி குட்டியா ஒண்ணு எடுத்தான். நீங்க விரலைத் தூக்குனீங்க, வெக்கல."

இதற்குள் குழந்தை விழித்து அழத் தொடங்கிவிட்டது. அழுகிற குழந்தையை எண்ண முடியாது. சமாதானமாகும்வரை காத்திருந்து எண்ணியிருக்கலாம். திரும்ப எண்ணாதீங்க என்ற குரல் காதில் இருந்தது. அவளும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நான் திரையை அவள் பக்கம் திருப்பினேன்.

"டேப்ல நாப்பத்தொன்பதும்மா."

ஏதோ டேப் எண்ணியதுபோல அதைச் சொன்னேன்.

ஜுரத்துக்கு மருந்து கொடுத்தேன். மூச்சு வேகமானால், பால் குடிக்காமல் போனால் உடனே வர வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னேன். மறுபடி காட்ட வேண்டிய தேதியை டேப் தானாகவே போட்டிருந்தது: 25.01.2024, வியாழன். அதைச் சீட்டில் தெளிவாக எழுதினேன்.

"அப்ப ஆன்டிபயாடிக் இல்லியா?"

"இப்ப வேணாம்மா. வியாழக்கிழமை கண்டிப்பா வா."

"மறுபடி பர்மிஷன் கேக்கணும். பேஜார் சிஸ்டர்." குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டாள். "நீங்க இருப்பீங்கல்ல?"

"நான் எங்க போகப்போறேன்?"

வியாழக்கிழமை விடுமுறை. வீட்டில் திரைச்சீலைகளைத் துவைத்தேன். பரணில் இருந்த பாத்திரங்களை இறக்கித் துடைத்து மறுபடி ஏற்றினேன். மாலை ஆறு மணிக்கு டைரியைத் திறந்து, 'விடுமுறை, தைப்பூசம்' என்று எழுதினேன். எழுதிய பிறகு முந்தைய பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பது என் பழக்கம். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் 'ஆ. கு., 11 மாதம், 49, பச்சை, வியாழன் வரச் சொன்னேன்' என்று இருந்தது.

இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

ஜனவரி முதல் தேதி அறக்கட்டளையின் விடுமுறைப் பட்டியலை டைரியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிவைப்பேன். அந்த வருஷமும் எழுதியிருந்தேன். இருபத்தைந்து, தைப்பூசம். இருபத்தாறு, குடியரசு தினம். என் கையெழுத்து. தைப்பூசம் எங்கள் வீட்டில் கொண்டாடும் நாள் இல்லை. விடுமுறைப் பட்டியலில் அது சேர்ந்தும் சில வருஷம்தான் ஆகிறது. டேப்புக்கு விடுமுறை நாட்கள் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். பொங்கல் சமயத்தில் அது போட்ட தேதிகளை நான்தான் ஒவ்வொன்றாக மாற்றிக் கொடுத்தேன். இதை மாற்றவில்லை.

அவளுடைய போன் நம்பர் டேப்பில்தான் இருந்தது. சாவியை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். ஷட்டரைப் பாதி தூக்கும்போதே எதிர் டீக்கடை பாய் குரல் கொடுத்தார்.

"இன்னா நர்ஸம்மா, லீவு நாள்ல? காலைல ஒரு பொண்ணு தேடிட்டு வந்துச்சே."

"எத்தன மணிக்கு பாய்?"

"ஒம்பதரை இருக்கும். கம்பெனி கார்டு போட்டுட்டு இருந்துச்சு, கைல கொழந்த. ஷட்டரைத் தட்டுச்சு. இன்னிக்கி லீவும்மா, பூசம்னு நான்தான் சொன்னேன். சீட்டைக் காட்டுது. 'இதுல இன்னிக்குன்னு போட்டிருக்கே பாய்'ங்குது. நான் இன்னா சொல்றது?"

"அப்புறம்?"

"டீ குடிக்கிறியான்னேன், வேணாம்னுடுச்சு. உங்க படிக்கட்டுலயே உக்காந்து எண்ணிக்கிட்டு இருந்துச்சு."

"என்னத்த எண்ணிச்சு?"

"கொழந்த சட்டையத் தூக்கிப் பாத்துக்கிட்டு எண்ணுச்சும்மா. ரெண்டு மூணு தடவ எண்ணியிருக்கும். அப்புறம் எந்திரிச்சுப் போய்டுச்சு."

படிக்கட்டு மூன்று படி. எந்தப் படியில் உட்கார்ந்தாள் என்று நான் கேட்கவில்லை. இன்றும் ஷட்டரைத் தூக்கும்போது நடுப்படியை மிதிக்காமல்தான் ஏறுகிறேன்.

டேப்பில் இருந்தது அவள் கணவருடைய நம்பர். அவர் அரக்கோணம் பக்கம் லாரியில் லோடு ஏற்றும் வேலைக்குப் போகிறவர் என்று அவள் சொல்லியிருந்தாள். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. நான்கு தடவை முயன்றேன். முகவரி என்ற இடத்தில் ஊர்ப் பெயரும், 'தண்ணி டேங்க் பின்னாடி' என்பதும் மட்டும் இருந்தன. அந்த மூன்று சொல்லையும் எழுதியது நான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, காலை எட்டு மணிக்கு ஷேர் ஆட்டோ பிடித்து அந்தத் தண்ணீர் டேங்குக்குப் போனேன். பின்னால் வரிசையாக ஆறு வாடகை வீடு. பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றும் மைக் சத்தம் அதுவரை கேட்டது. விசாரித்ததில் நான்காவது வீட்டைக் காட்டினார்கள், பூட்டியிருந்தது. துணி காயப்போடும் கயிற்றில் சின்னச் சட்டைகள் நான்கு, முந்தின நாள் போட்டு எடுக்காமல் விட்டவை, பனியில் நனைந்து தொங்கின.

பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். "யாரு, அந்த டேப்பு நர்ஸா?"

ஆமாம் என்றேன்.

"நேத்து காலைல உங்க எடத்துல பூட்டியிருந்துச்சுன்னு மெடிக்கல்ல சிரப்பு வாங்கி ஊத்துனா. சாயங்காலம் நெஞ்சுக்கூடு உள்ளாற போய்ப் போய் வருது. பஸ் ஏத்தி வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச்சோம். அவ தம்பி கூடப் போனான்." பிறகு, கேட்காமலே, தன் போனை எடுத்து அவளுடைய நம்பரைப் போட்டுக் கொடுத்தாள். "பேசு. நான் இன்னா சொல்லட்டும்."

நான் யாரென்று சொன்னேன்.

"ஆக்சிஜன் வெச்சிருக்காங்க சிஸ்டர். நிமோனியாவாம். ஊசி போட்டிருக்காங்க. ரெண்டு நாள் போனாத்தான் சொல்ல முடியும்ங்கறாங்க."

"பால் குடிக்கிறானா?"

"குடிக்கக் கூடாதாம், மூக்குல டியூப்" என்றாள். "நேத்து வந்தேன் சிஸ்டர்."

"தெரியும்மா."

"எங்க போகப்போறேன்னு சொன்னீங்க."

"ஆமா. தப்பு என்னுதுதான்."

"உங்க டேப்புக்கு லீவு நாளு தெரியாதா?"

"அதுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எண்ணிக்கிட்டேதான் சிஸ்டர் வந்தேன், பஸ்ல" என்றாள். "வாணியம்பாடிலேர்ந்து வேலூர் போற பஸ்தான் கெடச்சுது, நின்னு நின்னு வந்துச்சு. ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் எண்ணினேன். ஏறிக்கிட்டே போச்சு. பள்ளிகொண்டாவுல அறுபத்தாறு. விரிஞ்சிபுரம் தாண்டினதும் எழுபது. அப்புறம் எண்ணல."

பிறகு நடந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த அரை மூச்சு உட்பட. "நாப்பத்தொன்பதுன்னா நாப்பத்தொன்பதுதான் சிஸ்டர். செவ்வாய்க்கிழமை நீங்க செஞ்சது சரி. நானும்தானே ஓகே குடுத்தேன்" என்றார். லீவு நாட்களை டேப்பில் சேர்க்கச் சொல்லி அன்றே எழுதினார்; அடுத்த மாதமே சேர்த்துவிட்டார்கள். இப்போது அது தைப்பூசத்தைத் தாண்டித் தேதி போடுகிறது.

ஆனால் மறுபடி வராத குழந்தைகளின் பட்டியல் ஒன்று டேப்பில் உண்டு. காலையில் திறந்ததும் அதுதான் முதலில் வரும். பெயருக்கு எதிரே காரணம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் அந்த வரி போகும். குணமாகிவிட்டது, வேறு மருத்துவமனை, தொடர்பு கிடைக்கவில்லை, இறப்பு: இந்த நான்குதான். 'வந்தார்கள், நாம் பூட்டியிருந்தோம்' என்று ஒன்று இல்லை. அவன் பெயர் மூன்று வாரம் அப்படியே பட்டியலின் தலையில் நின்றது. ஒவ்வொரு காலையும் அதைப் பார்த்த பிறகுதான் முதல் குழந்தையைக் கூப்பிட்டேன். பிப்ரவரி நடுவில், அவன் வீடு திரும்பிப் பால் சோறு சாப்பிடுகிறான் என்று அவளே போன் செய்த அன்று, 'வேறு மருத்துவமனை' என்பதைத் தொட்டேன். வரி போய்விட்டது. அந்த 'டொக்' மட்டும் போகவில்லை. சர்ச்சில் ஜெபத்துக்குக் கண் மூடினால் முன்வரிசைக்காரரின் முதுகு மூடிய கண்ணுக்குள் எழும்பி இறங்குகிறது, நான் எண்ணுகிறேன். பஸ்ஸில், கல்யாணப் பந்தியில், எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் பார்வை முகத்துக்குப் போவதற்கு முன்னால் வயிற்றுக்குப் போகிறது. எல்லாரிடமும் நாற்பத்தொன்பதாவது வரை தெளிவாக வருகிறது. அதற்கடுத்த மூச்சில்தான் எனக்குச் சந்தேகம்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை மாலை இது எதுவும் எனக்குத் தெரியாது. அவன் இருப்பானா என்பதே தெரியாது. செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் டைரியில் திருத்துவதென்றால் ஒரே கோடு போட்டு, மேலே எழுதி, கையெழுத்துப் போடுவேன். 49 என்பதன் மேல் பேனாவை வைத்தேன். கோடு போடவில்லை. அது என் எண்ணிக்கை, அப்படித்தான் எண்ணினேன். அதற்கு மேலே எதையும் எழுதுவது அழகுபடுத்துவது போலிருந்தது.

மறுநாள், ஜனவரி 27, சனிக்கிழமை. எழுந்து, முகம்கூடக் கழுவாமல், முதல் வேலையாக அவளுக்குப் போன் செய்தேன். ஐந்து பன்னிரண்டு. முதல் மணியிலேயே எடுத்தாள்.

"முழிச்சுதான் இருக்கேன் சிஸ்டர். தூங்குறான்."

"ஒரு நிமிஷம் எண்ணிச் சொல்றியாம்மா? நான் வாட்ச் பாத்துச் சொல்றேன்."

"சத்தமாவா?"

"மெதுவா, எனக்குக் கேக்குற மாதிரி."

நொடிமுள் பன்னிரண்டைத் தொட்டதும் சொன்னேன். அவள் தொடங்கினாள். கம்பெனியில் கட்டுப் போடும்போது எப்படி எண்ணுவாளோ அப்படி, ஒரே சீராக, ஏற்ற இறக்கம் இல்லாமல். நான் கூடவே எண்ணவில்லை. முப்பத்தெட்டில் நிறுத்தினாள்.

"இப்ப ஒண்ணு குட்டியா எடுத்தான் சிஸ்டர்."

"அதையும் எண்ணு."

"முப்பத்தொம்பது. நாப்பது."

அதே சீரில் எண்ணிக்கொண்டே போனாள். நொடிமுள் மறுபடி பன்னிரண்டுக்கு வந்ததும் நிமிஷம் முடிந்தது என்றேன்.

"ஐம்பத்தாறு" என்றாள். "நேத்து ராவுல அறுபத்தெட்டு இருந்துச்சு."

டைரியை எடுத்து, தேதிக்குக் கீழே, பாலுக்கும் பனிக்கும் முன்னால் முதல் வரியாக எழுதினேன்: 5.14. அம்மா எண்ணியது, 56.